அடிவாரம் ஸ்டாப்பில் அறுபது கல்

இந்த நோட்டைக் கையில் எடுப்பவர் முதலில் என் எழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்பது இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை. கோடு போட்ட தாளிலும் என் வரி மலையேறுகிற ஆள் போல வலது பக்கம் மேலே போய்க்கொண்டே இருக்கும். என் மகள் உட்கார்ந்து பிழை திருத்தித் தந்திருக்கிறாள். அதையும் மீறி நிற்பவை என்னுடையவை.

முட்டி தேய்ந்துபோய் போன வருடம் வேலையிலிருந்து நின்றேன். அடிவாரத்தில் இப்போது காவலுக்கு இருக்கும் பிள்ளைகள் போன மாதம் வீட்டுக்கு வந்தார்கள். இனிமேல் மலையேற வருபவர்கள் போனிலேயே பேரைப் பதிந்துவிட்டு வருவார்களாம். "அண்ணே, அந்தக் கல்லுக் கணக்கு எப்படிப் பாத்தீங்கன்னு எழுதிக் குடுங்க. ஆபீஸ்ல கேக்குறாங்க" என்றார்கள். கல்லைப் பற்றி இன்னொன்றும் கேட்டார்கள். அதற்கான பதிலைக் கடைசியில் எழுதியிருக்கிறேன்.

தெரியாதவர்களுக்காக இடத்தைச் சொல்லிவிடுகிறேன். பெரம்பலூரிலிருந்து டவுன் பஸ் வேப்பந்தட்டையைத் தாண்டி மேற்கே வரும். ரோடு முடிகிற இடம் அடிவாரம் ஸ்டாப். காலையில் ஒன்று, பதினொரு மணிக்கு ஒன்று, சாயங்காலம் ஐந்தரைக்கு ஒன்று. ஐந்தரைதான் கடைசி. இறங்கினால் இரண்டு பக்கமும் மக்காச்சோளம், நடுவில் வண்டித்தடம். பத்து நிமிடம் சமதரையில் நடந்தால் ஓடை குறுக்கே வரும். மழை இல்லாத மாதங்களில் அதில் கால் நனையாது. ஓடையைத் தாண்டி அரை மணி நேரம் மெதுவான ஏற்றத்தில் ஊற்று. முட்டிவலிக்காரர்கள் அதோடு திரும்பிவிடலாம். இன்னும் ஒரு மணி நேரம் நடந்தால் தட்டுப்பாறை. கயிறும் வேண்டாம், தடியும் வேண்டாம். செருப்போடு ஏறலாம். கொழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறிய தாய்மார்களை நான் பார்த்திருக்கிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது அந்த மலை கண்ணில் படுகிற ஊரில்தான். ஆனாலும் இருபத்திரண்டு வயது வரைக்கும் அதில் கால் வைத்ததில்லை. சின்ன வெங்காயம் பிடுங்கவும் பருத்தி எடுக்கவும் போனோம். குனிந்து வேலை செய்கிறவனுக்கு மலை என்பது மேகம் மாதிரி, அங்கே இருக்கும், அவ்வளவுதான். பிறகு வன இலாகாவில் மரக்கன்றுக்குக் குழி எடுக்கத் தினக்கூலிக்கு ஆள் எடுத்தார்கள். சில வருடம் குழி, சில வருடம் தீத்தடுப்புக் கோடு, அப்புறம் காவலாள். அந்த வருடங்களில் சொல்வதற்கு ஒரு நாள்தான் உண்டு. முதல்முதலாகத் தட்டுப்பாறைக்குக் கன்று சுமந்து போன நாள்.

முந்தின இரவு மழை பெய்து காற்று கழுவிவிட்டிருந்தது. பாறை நுனியில் கூடையை இறக்கிவிட்டு நிமிர்ந்தேன். என் அப்பா கூலிக்குப் போன காடுகள், நான் குனிந்து நின்ற காடுகள், எல்லாம் ஒரே பார்வையில் கீழே கிடந்தன. எங்கள் ஊரை ஒரு உள்ளங்கையால் மறைத்துவிடலாம் போல இருந்தது. கிழக்கே ரொம்ப தூரத்தில் வெள்ளையாகத் திருநீறு சிந்தின மாதிரி ஒரு தடம். அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் பூமி என்றார் எங்கள் வனவர். அதற்கும் தெற்கே ஊசி மாதிரி ஒன்று மின்னியது. "கொள்ளிடம்" என்றார். நான் நம்பவில்லை. ஆனால் அன்றைக்கு முழுக்க யாரோடும் பேச முடியவில்லை. சாயங்காலம் வீட்டில் அம்மா, "ஒடம்பு சரியில்லையாடா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

பேசாமல் இருப்பது எனக்குப் புதிது இல்லை. நான் சுபாவத்திலேயே கூச்சப்படுகிறவன். தெரியாத ஆள் எதிரே வந்தால் என் கண் தரைக்குப் போய்விடும். பெண்பிள்ளைகள் என்றால் கேட்கவே வேண்டாம். இதை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் கூச்சத்தால்தான் ஒரு உயிர் போகப் பார்த்தது.

வனவர் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒல்லியான மனிதர். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஒரு வேலையை நாம் தப்பாகச் செய்தால் திட்ட மாட்டார். நம்மை நகரச் சொல்லிவிட்டு அந்த வேலையை முதலிலிருந்து தானே செய்வார். நாம் நின்று பார்க்க வேண்டும். திட்டியிருந்தால் தேவலாம் என்று தோன்றும்.

தடத்தில் ஆட்கள் வர ஆரம்பித்தபோது அவர் கொண்டுவந்ததுதான் கல்லுக் கணக்கு. நோட்டுப் போட்டுப் பேர் எழுதச் சொன்னால் எனக்குக் கை ஓடாது என்று அவருக்குத் தெரியும். ஓடையில் இறங்கி நெல்லிக்காய் அளவில் உருண்டைக் கல்லாகப் பொறுக்கினார். சரியாக அறுபது. அடிவாரக் கொட்டகையில் இரண்டு பலகை அடித்து, கீழ்ப்பலகையில் ஒரு பானை, மேல்பலகையில் ஒரு பானை வைத்தார். காலையில் அறுபது கல்லும் கீழ்ப்பானையில் இருக்கும். மலையேறுகிற ஒவ்வொருவரும் அதிலிருந்து ஒரு கல்லை எடுத்து மேல்பானையில் போட்டுவிட்டுப் போக வேண்டும். இறங்கி வந்ததும் மேல்பானையிலிருந்து ஒன்றை எடுத்துக் கீழ்ப்பானையில் போட வேண்டும். கீழ்ப்பானை காலியாகிவிட்டால் அன்றைக்கு அதற்கு மேல் ஆள் ஏறக் கூடாது. சாயங்காலம் மேல்பானை காலியானால் மலையில் யாரும் இல்லை. அப்போது நான் மேல்பானையைக் கவிழ்த்து வைப்பேன். அதைப் பார்த்த பிறகுதான் கண்டக்டர் காதர் பாய் விசில் கொடுப்பார். இந்த ஏற்பாட்டையும் வனவர் சாரே பேசி வைத்திருந்தார்.

ஆனால் பானையைக் கவிழ்ப்பதற்கு முன்னால் ஒரு வேலை உண்டு. கீழ்ப்பானைக் கல்லை ஒவ்வொன்றாகக் கையால் தொட்டு எண்ணிப் பையில் போட வேண்டும். அறுபது வர வேண்டும். குரங்குகள் பானையை உருட்டிவிடும் என்பதால் கல்லை நான் பையில் கட்டி வீட்டுக்கே கொண்டுபோய்விடுவேன்.

ஒருநாள் அவரிடம் கேட்டேன். "மேல்பானை காலின்னா எல்லாரும் எறங்கிட்டாங்கதானே சார்? அப்புறம் எதுக்கு எண்ணணும்?"

அவர் என்னை நகரச் சொல்லிவிட்டு, கீழ்ப்பானை முன்னால் குந்தி, அறுபதையும் எண்ணி முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார். "காலிப் பானையப் பாத்து ஒண்ணும் தெரிஞ்சுக்க முடியாது செல்லமுத்து. நெறஞ்ச பானையத்தான் எண்ண முடியும்."

எனக்கு அது புரியவில்லை. ஆனாலும் எண்ணினேன். வருடக்கணக்காக எண்ணினேன். ஒருநாளும் குறையவில்லை.

அது ஐப்பசி மாதம். பதினொரு மணி பஸ்ஸில் பச்சைச் சேலை கட்டின ஒரு அக்கா தனியாக இறங்கினார். நாற்பது வயது இருக்கும். கையில் ஒரு மஞ்சள் பை. கூட்டமாக வருபவர்களுக்கு நான் சொல்ல வேண்டிய அவசியமே இருக்காது. முன்னால் வந்து போனவர் யாராவது கூட்டத்தில் இருப்பார், அவரே மற்றவர்களுக்குச் சொல்லிவிடுவார். தனியாக வந்த பெண்ணிடம் என்ன பேசுவது? கீழ்ப்பானையிலிருந்து நானே ஒரு கல்லை எடுத்து அவர் முன்னால் பலகையில் வைத்தேன். மேல்பானைப் பக்கம் முகவாயை ஆட்டிக் காட்டினேன். பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். "சரிங்கய்யா" என்று ஒரு குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தபோது பலகையில் கல் இல்லை. அவர் சோளக்காட்டுத் தடத்தில் போய்க்கொண்டிருந்தார்.

மேல்பானைக்குப் பின்னால்தான் மலையும் இருக்கிறது என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

மூன்று மணிக்கு மேல் மலை உச்சியில் கறுக்க ஆரம்பித்தது. கீழே வெயில் அடித்தது. ஏறினவர்கள் வேகமாக இறங்கி வந்து கல்லை மாற்றிப் போட்டார்கள். ஐந்தரைக்கு முன்பே மேல்பானை காலி. பஸ் வந்து திரும்பி நின்றது. ஒன்றிரண்டு தூறல் விழுந்தது.

"யோவ் செல்லமுத்து, மேல பாரு, சட்டிய அடுப்புல கவுத்த மாதிரி இருக்கு. ஏறுய்யா சட்டுனு" என்றார் காதர் பாய்.

நான் மேல்பானையைக் கவிழ்த்தேன். கீழ்ப்பானையை அப்படியே பையில் கொட்டினேன். எண்ணவில்லை. அந்த ஒரு நாள்தான். விசில் அடித்தது, வண்டி கிளம்பியது.

உட்கார்ந்த பிறகு மனசு கேட்கவில்லை. பையை மடியில் வைத்து, உள்ளே கைவிட்டு, கல்லை ஒவ்வொன்றாக ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குத் தள்ளினேன். ஐம்பத்தொன்பது. மறுபடி எண்ணினேன். ஐம்பத்தொன்பது. கொட்டும்போது ஒன்று உருண்டிருக்கலாம். குரங்கு எடுத்திருக்கலாம். மூன்றாம் முறை எண்ணும்போது அந்தப் பச்சைச் சேலை நினைவுக்கு வந்தது. அவர் கல்லை எடுத்ததை நான் அறிவேன். போட்டதைப் பார்க்கவில்லை. இறங்கி வந்து மாற்றியதையும் பார்க்கவில்லை. பஸ்ஸுக்குள் தலை திருப்பிப் பார்த்தேன். பச்சைச் சேலை இல்லை.

பஸ் நிறைய ஆட்கள். அத்தனை பேருக்கு நடுவில் எழுந்து நின்று வாயைத் திறப்பதென்பது எனக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று எழுதத் தெரியவில்லை. அடுத்த ஊர் ஆலமரம் தெரிந்துவிட்டது. எழுந்தேன். "பாய், வண்டிய நிறுத்துங்க. ஒரு கல்லு கொறையுது."

"கல்லு கொறையுதா? எங்கிட்ட கேளு, எங்க வூட்டுக்கிட்ட ஒரு லோடு கெடக்கு" என்றார். பஸ் சிரித்தது.

"ஒரு பொம்பள ஆள் மேல இருக்காங்க பாய்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பவும் சொன்னேன்.

பின் சீட்டில் இருந்த புதுமணத் தம்பதியில் அந்தப் பெண் சொன்னாள். "பச்சப் பொடவையா? தட்டுப்பாறைல ஒரு அக்கா கல்லு அடுக்கிக்கிட்டு இருந்தாங்க. வூடு கட்ட வேண்டுதலாம். நாங்க கெளம்பயில இன்னும் சாமி கும்பிட்டு முடிக்கல."

சிரிப்பு நின்றது. முன் சீட்டில் பால் கேனோடு இருந்த ஒருவர் மட்டும், "அவங்க நேரத்துக்கு எறங்காததுக்கு நாங்க என்ன பண்றது? எனக்குப் பால் கெட்டுரும்" என்றார்.  டிரைவர் அண்ணன் சாலையோரத்துச் சோளக்களத்தில் வண்டியை விட்டு, இரண்டு முறை முன்னும் பின்னும் நகர்த்தி, வந்த வழியே திருப்பினார். ஒரு அரசாங்க பஸ் கடைசி ட்ரிப்பில் அப்படித் திரும்பியதை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

அடிவாரத்தில் இறங்கியதும் டிரைவர் அண்ணன், "நான் ஹாரன் அடிக்கிறேன். சத்தத்த வெச்சு தெச தெரிஞ்சு வரட்டும்" என்றார். நான் தடியை எடுத்துக்கொண்டு ஓடினேன். கல் பை தோளிலேயே இருந்தது. காதர் பாய் குடையோடு பின்னால் வந்தார்.

ஓடையை முதலில் காதால்தான் பார்த்தேன். லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற சத்தம், ஆனால் நிற்காத சத்தம். காலடித் தரை நடுங்கியது. காலையில் நான் கால் நனையாமல் தாண்டின இடத்தில் செம்மண் நிறத்தில் தண்ணீர் ஓடியது. பத்து எட்டு வைத்தால் தாண்டிவிடுகிற அகலம்தான். முழங்கால் ஆழம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அடியில் பாறைகள் உருண்டன. ஆட்டுக்கல் பருமனில் ஒன்று நீருக்கு மேலே முதுகைக் காட்டிவிட்டு மறுபடி உள்ளே போனது. எங்கள் பக்கத்தில் ஒரு சொட்டு மழை இல்லை. எங்கேயோ மேலே பெய்தது இங்கே வந்து போகிறது. முப்பது வருடம் அந்த ஓடையைத் தாண்டியவன் நான். அன்றைக்குத்தான் அதைப் பார்த்தேன்.

அக்கரையில் பச்சைச் சேலை நின்றது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு காலை எடுத்துத் தண்ணீர் பக்கம் வைத்தார்.

"அக்கா, வேண்டாம், எறங்காதீங்க" என்று கத்தினேன். வாழ்க்கையில் ஒரு பெண்ணைப் பார்த்து நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் முறை. கேட்கவில்லை. தண்ணீர்ச் சத்தம் எல்லாவற்றையும் தின்றது. ஆனால் அதைத் தாண்டி ஒன்று மட்டும் கேட்டது. ஹாரன். அது கேட்கும்போதெல்லாம் அந்த அக்கா தவித்துப்போய் முன்னால் வந்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் வழிகாட்ட அடிக்கிறோம். ஆனால் பஸ் ஸ்டாப்பில் நின்று பழகின யாருக்கும் ஹாரன் என்றால் வண்டி கிளம்புகிறது என்றுதான் அர்த்தம். கடைசி பஸ் போகப் போகிறது என்று நினைத்து அவர் இறங்கப் பார்க்கிறார்.

"பாய், ஓடுங்க. ஹாரன நிறுத்தச் சொல்லுங்க. அதுதான் அவங்கள இழுக்குது."

காதர் பாய் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். புரிந்துவிட்டது. குடையை மடக்கிப்போட்டுவிட்டு, தொப்பை குலுங்க அந்த மனிதர் ஓடின ஓட்டத்தை நான் மறக்க மாட்டேன்.

அவர் போய்ச் சேரும் வரைக்கும் நான் என்ன செய்வது? கத்திப் பயனில்லை. கையை ஆட்டினால் வா என்கிறானோ என்று எடுத்துக்கொள்வார். ஏற்கனவே ஒருமுறை என் சைகை என்ன செய்தது என்று அப்போது எனக்குத் தெரியாவிட்டாலும், ஏதோ எச்சரிக்கை மனசில் இருந்தது. கடைசியில் நான் கரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். தடியைக் கீழே போட்டேன். சாப்பாட்டுப் பந்தியில் உட்காருகிறவன் போல, எங்கேயும் போகப் போவதில்லை என்கிற மாதிரி உட்கார்ந்தேன்.

அவர் என்னையே பார்த்தார். ஹாரன் இன்னும் இரண்டு முறை அடித்தது. இரண்டாவதுக்கு அவர் கால் தண்ணீரைத் தொட்டது. பிறகு ஹாரன் நின்றுவிட்டது.

அவர் காத்திருந்து பார்த்தார். பஸ் போய்விட்டது என்று முடிவு செய்திருப்பார். தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார். எனக்கு உயிர் வந்தது.

ஓடையைப் பற்றி வனவர் சார் சொல்லித் தந்திருந்தார். மலைத் தண்ணீர் வந்த வேகத்தில் போகும். அது வரைக்கும் விளிம்பில் அடையாளம் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். அடையாளத்துக்குக் கீழே இரண்டு முழம் இறங்கி, பாறை உருளுகிற சத்தம் நின்று, தழை மிதந்து வருவதும் நின்ற பிறகு, நூறு எண்ண வேண்டும். அதற்கப்புறம்தான் கால். அதுவும் முகம் தண்ணீர் வருகிற பக்கம் பார்த்து, தடியை முன்னால் ஊன்றி, பக்கவாட்டில் எட்டு வைத்து.

என் பையில் கல் இருந்தது. தண்ணீர் விளிம்பில் ஒரு கல்லை வைத்தேன். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் அதை விட்டு ஒரு சாண் இறங்கியது. அந்த விளிம்பில் அடுத்த கல். பிறகு அடுத்தது. நான் நான்காவது கல்லை வைத்தபோது நிமிர்ந்து பார்த்தேன். அக்கரையில் அவரும் ஒரு கல்லை எடுத்துத் தன் பக்கத்து விளிம்பில் வைத்தார். நான் வைக்கும்போது அவரும் வைத்தார். இரண்டு பேருக்கும் நடுவில் அவ்வளவு பெரிய தண்ணீர் போய்க்கொண்டிருக்க, அது எங்களை விட்டு இறங்குவதை இரண்டு பேரும் கல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த நேரத்தில் எனக்குப் பயம் போய்விட்டது. தட்டுப்பாறையில் முதல் நாள் நின்றபோது இருந்தது போல இருந்தது.

பதினோரு கல். பாறைச் சத்தம் நின்றது. வைத்த கல்லைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டே நூறு எண்ணினேன். இருட்டுகிற நேரத்தில் தடியை ஊன்றி நடு ஓடை வரைக்கும் போனேன். தண்ணீர் தொடை வரைக்கும் இருந்தது. தடியின் மறு முனையை நீட்டினேன். அவர் பிடித்துக்கொண்டார். "தண்ணி வர்ற பக்கம் பாத்து நடங்க. கால ஒரசிக்கிட்டே வைங்க" என்றேன். கை பிடித்து இழுத்திருக்கலாம். எனக்கு வரவில்லை. தடி போதுமானதாக இருந்தது.

கரையேறியதும் அவர் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார். "பஸ் போயிருச்சாய்யா?"

"நிக்குது."

"கடசி பஸ்ஸுன்னாங்களே."

"ஒங்களுக்காகத்தான் நிக்குது."

அவர் நம்பவில்லை. நடக்கும்போதுதான் பேசினார். பேர் செந்தாமரை. ஊர் அரியலூருக்குப் பக்கம். "அண்ணன் வூட்டுல ஒண்டியிருக்கேன்யா. அண்ணி நல்லவங்கதான். இருந்தாலும் நம்ம அடுப்புன்னு ஒண்ணு வேணும்ல. இந்த மலயில கல்லு அடுக்குனா வூடு அமையுமுன்னு சொன்னாங்க." கொஞ்ச தூரம் போன பிறகு சொன்னார். "காலைல நீங்களே ஒரு கல்லு எடுத்துக் குடுத்து மலையக் காட்டுனீங்க பாருங்க, எனக்கு அழுகையே வந்துருச்சு. கேக்காமலே குடுக்குறாரேன்னு. அதத்தான் எல்லாத்துக்கும் உச்சியில வெச்சேன்."

நான் தடத்தில் கிடந்த முள்ளைத் தடியால் ஒதுக்கிவிட்டு முன்னால் நடந்தேன். 

பஸ்ஸில் உள்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒருவர்கூட இறங்கிப் போகவில்லை. செந்தாமரை அக்கா படிக்கட்டில் ஒரு காலை வைத்துவிட்டு, அத்தனை முகங்களையும் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டார். பால்காரர் எழுந்து ஜன்னலோர இடத்தைக் காட்டினார். "ஒக்காரும்மா. பால் போனா போவுது, தயிராக்கிக்கலாம்."

"ஏறும்மா, டைம் ஆச்சு" என்றார் டிரைவர் அண்ணன், தினமும் சொல்வது போல.

காதர் பாய் டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். "எங்க வூட்டுக் கல்லு லோட இனி நீயே வந்து எண்ணிக் குடுத்துரு" என்றார். குரலில் கேலி இல்லை.

மறுநாள் வனவர் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னை நகரச் சொன்னார். பையை வாங்கி, கல்லைத் தரையில் கொட்டி, இரண்டு தடவை எண்ணினார். ஐம்பத்தொன்பது. பிறகு கேட்டார். "கல்லக் குடுக்கும்போது அந்தம்மாகிட்ட என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல சார்."

அவர் எழுந்து பஸ் ஸ்டாப்புக்குப் போனார். அங்கிருந்து திரும்பி, "நான் இப்ப பஸ்ஸ விட்டு எறங்கி வர்றேன். சொல்லு" என்றார். நடந்து வந்து பலகை முன்னால் நின்றார். நான் தரையைப் பார்த்து முணுமுணுத்தேன். அவர் திரும்பிப் போய் மறுபடி நடந்து வந்தார். ஒரு தடவை குடும்பஸ்தனாக வந்தார். ஒரு தடவை காது கேட்காத பெரியவராக வந்தார். ஒரு தடவை தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, தனியாக வந்த பெண்ணாக வந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. திரும்பிப் போய் மறுபடி வந்தார். ஒன்பது தடவை. ஒன்பதாவது தடவை அவர் கண்ணைப் பார்த்துச் சொன்னேன். "இந்தக் கல்லு மலையேறுறவங்க கணக்குங்க. இந்த மேல்பானையில போட்டுட்டுப் போங்க. எறங்கி வந்ததும் கீழ்ப்பானைக்கு மாத்திருங்க. நீங்க மாத்துற வரைக்கும் நான் இங்கேயே இருப்பேன்."

கடைசி வாக்கியம் அவர் சொல்லித் தந்ததில்லை. அது எப்படி வந்தது என்று தெரியாது. அவர் தலையசைத்துவிட்டுப் போய்விட்டார். வேலையிலிருந்து நின்ற நாள் வரைக்கும் பஸ்ஸை விட்டு இறங்கி வந்த ஒவ்வொருவரிடமும் இதே நான்கு வாக்கியத்தைச் சொன்னேன்.

குறைந்த கல்லை எடுத்துவர மறுவாரம் தட்டுப்பாறைக்குப் போனேன். அந்த அக்கா அடுக்கின கல்லுக்கெல்லாம் உச்சியில் அது உட்கார்ந்திருந்தது. கை நீட்டினேன், எடுக்க மனசு வரவில்லை. ஓடையில் வேறு கல் பொறுக்கலாம் என்றால் வனவர் சார் வேண்டாம் என்றார். "ஐம்பத்தொம்பதாவே இருக்கட்டும். ஒனக்கு ஞாபகம் இருக்கும்."

மாசி மாதம் பதினொரு மணி பஸ்ஸில் செந்தாமரை அக்கா திரும்ப வந்தார். கண்ணைப் பார்த்து, "வூடு அமஞ்சுதாக்கா?" என்று கேட்டேன். கேட்டது நான்தான்.

"இன்னும் இல்லைய்யா. வேண்டியிருக்கோம்ல, வரும்." மஞ்சள் பையிலிருந்து துணியில் முடிந்த ஒன்றை எடுத்தார். "கண்டக்டர் பாய் அன்னைக்கே எல்லாத்தையும் சொல்லிட்டாரு. ஒங்க கணக்குல ஒண்ணு என்னால கொறஞ்சுபோச்சு. இந்தாங்க."

துணிக்குள் ஒரு கல். நெல்லிக்காயை விடக் கொஞ்சம் பெரிது. வெள்ளையும் பழுப்புமாக, நத்தை மாதிரி உள்ளே உள்ளே சுருண்டு, சுருளின் மேல் சீப்புப் பல்லாய் வரி. "எங்க கொல்லைல கெணறு வெட்டயில வந்துச்சு. அங்க நெறய கெடக்கும்."

அன்றைக்குக் கொட்டகையில் இருந்த வனவர் சார் அதை வெகுநேரம் கையில் வைத்துப் பார்த்தார். அது கல் இல்லை என்றார். கடலில் இருந்த ஒரு உயிர் என்றார். அரியலூர்ப் பூமி முழுக்க ஒரு காலத்தில் கடலாக இருந்தது, எவ்வளவு காலம் முன்பு என்று சொன்னால் எண்ணி முடியாது என்றார். தட்டுப்பாறையிலிருந்து பார்த்த அந்த வெள்ளைத் தடம் எனக்கு ஞாபகம் வந்தது. அவ்வளவும் தண்ணீர். பத்து எட்டு அகலத் தண்ணீர் முன்னால் நான் எப்படி உட்கார்ந்திருந்தேன் என்பதும் ஞாபகம் வந்தது. 

செந்தாமரை அக்கா மலையேற எழுந்தார். அவருக்குத் தெரியும் என்றாலும் நான்கு வாக்கியத்தையும் சொன்னேன். முடிக்கும் வரைக்கும் நின்று கேட்டார். நத்தையை மேல்பானையில் போட்டுவிட்டு ஏறினார். மூன்றரைக்கு இறங்கி வந்து, அதையே தேடி எடுத்துக் கீழ்ப்பானையில் போட்டார். அன்று சாயங்காலம் எண்ணினேன். அறுபது.

அதற்குப் பிறகு எத்தனையோ பேர் கைக்கு அந்த நத்தை போயிருக்கிறது. என்ன என்று தெரியாமலே எடுத்துப் போட்டு, மலையேறி, இறங்கி, மாற்றியிருக்கிறார்கள். பைக்குள் கையை விட்டால் என் விரலுக்கு அது மட்டும் தனியாகத் தெரியும்.

காவல் பிள்ளைகள் கேட்ட இன்னொன்றுக்கு வருகிறேன். போனில் பதிவு வந்துவிட்டதால் பானையை எடுத்துவிடப் போகிறார்களாம். அந்த நத்தைக் கல்லை மட்டும் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, பேர் எழுதி ஆபீசில் வைக்கலாமா என்று அதிகாரி என்னைக் கேட்டிருக்கிறார். என்னைக் கேட்க வேண்டும் என்று தோன்றியதற்கு அவருக்கு என் கும்பிடு.

வேண்டாம் சார். போனில் பதிவது ஏறுகிறவர் பேர். இறங்கினாரா என்பதை யாராவது ஒருவர் சாயங்காலம் குந்தி எண்ணித்தான் ஆக வேண்டும். பானை இருக்கட்டும். நத்தையும் பானையிலேயே இருக்கட்டும். அதை எடுத்துவிட்டால் ஐம்பத்தொன்பதுதான் இருக்கும். அப்போது தினமும் ஒருவர் மலையில் இருக்கிற மாதிரி ஆகிவிடும்.

எழுதி முடித்தது ஐப்பசி இருபத்தொன்று, வியாழக்கிழமை, சாயங்காலம் ஐந்தரை மணி. மலையில் கறுத்திருக்கிறது.